ஏழாவது இடம்

(கருத்தரங்கப் பேச்சின் எழுத்து வடிவம்)



கல்வி நிர்வாகம்னு ஒரு படிப்பு இருக்கு. பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது, பணம் எங்கே போகிறது, சேரிப் பிள்ளை ஏன் பாதியில் நின்னு போகுது என்பதையெல்லாம் ஆராய்கிற துறை. இதில் பேராசிரியரானவர்களையும் அரசாங்கம் கமிட்டியில் உட்கார வைக்கும்; கொள்கை எழுதச் சொல்லும். ஆகவே இங்கே நம்ம ஆள் இருக்கிறானா என்பது வெறும் சம்பளப் பிரச்சினை இல்லை.

ஆனால் இது சின்னத் துறை. பல இடங்களில் மூணு பேர், நாலு பேர்தான். சூட்சுமமே அங்கதான். 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வழக்கில், இடஒதுக்கீட்டுக்குத் துறையைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும், பல்கலைக்கழகத்தை அல்ல என்றது. 2018 மார்ச் 5இல் யு.ஜி.சி. அதையே ஆணையாக்கியது. 13 புள்ளி ரோஸ்டர்! அதில் 4ஆவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, 7ஆவது நமக்கு, 14ஆவது பழங்குடியினருக்கு. 3 பேர் இருக்கிற துறையில் 7ஆவது நியமனம் எப்ப வரும்? முதல் மூணு பேர் ரிட்டயராகி, அடுத்த மூணு பேரில் ஒருத்தராவது ரிட்டயராகணும். காகிதத்தில் 15 சதவீதம் அப்படியே இருக்கும். நம்ம பேரப்பிள்ளை விண்ணப்பம் போடுவான்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. மார்ச் 5இல் நாடு தழுவிய பந்த். மார்ச் 7இல் அவசரச் சட்டம், ஜூலையில் சட்டம். மத்திய நிறுவனங்களில் இப்போது மொத்த நிறுவனமும் ஒரே அலகு. தெருவில் இறங்கியதால் கிடைத்தது இது, யாரும் தானம் கொடுக்கலை.

ரோஸ்டர் கதவைத் திறந்தால் நேர்முகம் இன்னொரு கதவு. என் ஆய்வு தலைமையாசிரியர்களைப் பற்றியது. ஒரு பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம், ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "ஊர்ல எந்தப் பக்கம் வீடு?"ன்னார் ஒருத்தர். சொன்னேன். முடிவு என்ன தெரியுமா? 'தகுதியானவர் எவரும் இல்லை.' அதே துறையில் மூணு வருஷம் தொகுப்பூதியத்துக்குப் பாடம் நடத்தியவன் நான். குறைஞ்ச கூலின்னா தகுதி இருக்கும் போல.

அம்பேத்கர் 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர். 1945இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கி, கல்லூரிகளை நடத்திக் காட்டியவர். நமக்கு நிர்வாகம் வராதுன்னு எவன் சொல்றான்?

ஒரு வேலை சொல்றேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ரோஸ்டர் பதிவேட்டின் நகலைக் கேளுங்க. எத்தனை இடத்தில் 'எவரும் இல்லை'ன்னு எழுதினாங்க, அந்த இடங்கள் எத்தனை வருஷமாகக் காலியாகக் கிடக்குதுன்னு சேர்த்துக் கேளுங்க. வந்த பதிலோடு அடுத்த கூட்டத்துக்கு வாங்க.