தேர்ந்தெடுக்கும் உரிமையும் வழிகாட்டும் கடமையும்

(கல்லூரி ஆசிரியர்களும் கல்வித் துறை அலுவலர்களும் மாணவர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



கல்லூரி மாணவருக்கு என்னென்ன வசதிகள் தேவை என்று கேட்டால், வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி, உதவித்தொகை என்று பட்டியல் நீளும். எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது, எடுத்த பாடம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பவற்றை மாணவரோடு அமர்ந்து பேச ஓர் ஆசிரியர் தேவை என்பது அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கல்வி ஆலோசனை எனப்படும் அப்பணியைப் பற்றியே இன்று சில கருத்துகளைத் தங்கள் முன் வைக்க விழைகிறேன்.

இக்கருத்து புதியதன்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டலும் ஆலோசனையும் உயர்கல்வி நிலையங்களின் இன்றியமையாத பகுதியாக அமைய வேண்டும் என்றும், 1,000 மாணவருக்கு ஓர் ஆலோசகரேனும் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 4.33 கோடிப் பேர் உயர்கல்வி பயின்றனர். கோத்தாரி குழுவின் அளவுகோலை இத்தொகைக்குப் பொருத்தினால் 43,000-க்கும் மேற்பட்ட ஆலோசகர்கள் தேவை. அதே கணக்கெடுப்பில் பதிவான கல்லூரிகளோ 45,000-க்கும் மேல். ஆக, அப்பரிந்துரையின் பொருள் ஏறத்தாழக் கல்லூரிக்கு ஒருவர் என்பதேயாகும். அந்த எளிய நிலையைக்கூட அரை நூற்றாண்டு கடந்தும் எட்டிவிட்டோம் என்று சொல்வதற்கில்லை.

முன்னாளில் இக்குறை அவ்வளவாக உறுத்தவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அன்று மாணவர் ஒரே ஒரு முறைதான் தேர்ந்தெடுத்தார். பொருளாதாரமோ வேதியியலோ, ஒரு துறையில் சேர்ந்துவிட்டால் மூன்றாண்டுப் பாடங்களும் பெரும்பாலும் வகுத்து வைக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்து உள்ளே சென்றபின் பாதை ஒன்றே.

இன்று நிலைமை வேறு. விருப்பப் பாட முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் நாடெங்கும் பரவச் செய்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை மேலும் விரிவாக்கியது. மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிகள் 2021-இல் வெளிவந்தன. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, ஓராண்டில் 40 கிரெடிட் பெற்றால் சான்றிதழ், ஈராண்டில் 80 பெற்றால் பட்டயம், மூவாண்டில் 120 பெற்றால் பட்டம், நான்காண்டில் 160 பெற்றால் சிறப்புப் பட்டம். ஒரே கதவு இருந்த இடத்தில் இன்று பல கதவுகள். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் கதவுகள் பெருகும்போது, எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று சொல்வாரும் பெருக வேண்டுமல்லவா?

இதன் விளைவைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன். இக்கட்டமைப்பை ஏற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் பயிலும் மாணவி, குடும்பச் சூழ்நிலையால் முதலாண்டின் முடிவில் படிப்பை நிறுத்த நேர்கிறது என்று கொள்வோம். 40 கிரெடிட் அவரிடம் உள்ளது. ஆயினும் சான்றிதழ் பெற அது மட்டும் போதாது. கோடை விடுமுறையில் 4 கிரெடிட் கொண்ட தொழிற்கல்விப் பாடமோ பயிற்சிப் பணியோ முடித்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வந்து சேரலாம், மொத்தம் ஏழாண்டுகளுக்குள் படிப்பை முடிக்கலாம் என்பதும் விதி. இவ்விரண்டையும் உரிய காலத்தில் அவருக்கு ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் சான்றிதழோடு செல்வார். திரும்பி வரும் வழியையும் அறிந்திருப்பார். சொல்வார் இல்லையேல் வெறுங்கையோடு செல்வார். அவரைப் படிப்பை இடையில் நிறுத்தியவர் என்று நம் புள்ளிவிவரமும் எழுதிவிடும்.

மற்றொன்று. நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்க, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். கிராமத்திலிருந்து வந்து, புதிய பயிற்றுமொழியோடு போராடும் மாணவர் முதலிரு பருவங்களில் பின்தங்குவது இயல்பு. இந்த வரம்பை அவர் ஆறாம் பருவத்தில் அறிந்தால் பயனில்லை. முதல் பருவத்திலேயே அறிய வேண்டும்.

என் துறையான பொருளாதாரத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வெழுதப் பொருளாதாரத்திலோ அதன் சார்புப் பிரிவுகளிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். சிறந்த நிறுவனங்களின் முதுகலை நுழைவுத் தேர்வுகளில் கணிதம் இன்றியமையாதது. ஆனால் இளங்கலையில் கணிதம் கடினம் என்று அதைத் தவிர்க்கும் மாணவர், தாம் ஒரு பாடத்தைத்தான் விடுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் விடுவது ஒரு வாழ்க்கைப் பாதையை. தேர்வுக் குழுக்களில் அமர்ந்திருந்த காலத்தில், இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்டதுண்டு. அதில்தான் இடம் கிடைத்தது, நண்பர் எடுத்தார், நானும் எடுத்தேன் என்பனவே பலரிடமிருந்து கிடைத்த விடைகள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கேட்பதற்கு ஆள் இல்லாதவர்கள்.

பொருளாதார நோக்கில் பார்த்தால், தகவலும் ஒரு மூலதனமே. அம்மூலதனம் சமமாகப் பங்கிடப்படவில்லை. பெற்றோர் பட்டதாரிகளாக இருக்கும் இல்லத்தில் அது உணவு வேளைப் பேச்சிலேயே பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கோ அதைக் கல்லூரிதான் அளித்தாக வேண்டும். கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அளித்து அவரை வாயில் வரை அழைத்துவந்த அரசும் சமுதாயமும், உள்ளே நுழைந்தபின் அவரைத் தனியே விட்டுவிடலாகாது. விவரம் அறியாதவருக்கு அளிக்கப்படும் தேர்வுரிமை பெயரளவில்தான் உரிமை. அதன் பயனை விவரம் அறிந்தவரே துய்ப்பர்.

நிதிக்கு எங்கே போவது என்று அலுவலர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1,200 மாணவரும் 40 ஆசிரியரும் உள்ள கல்லூரியில் ஆசிரியருக்கு 30 மாணவர். பருவத்துக்கு இருமுறை, முறைக்கு 20 நிமிடம் ஒவ்வொரு மாணவரையும் தனியே சந்தித்தால், ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் ஆவது 20 மணி நேரம். 15 வாரங்களுக்கு அதைப் பகிர்ந்தால் வாரம் 1 மணி 20 நிமிடம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. கால அட்டவணையில் ஓரிடம் தேவை.

இடர்ப்பாடும் அங்கேதான் உள்ளது. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுத்துள்ளன. மாணவர் வழிகாட்டலையும் குறிப்பிடுகின்றன. எனினும் பல கல்லூரிகளின் அட்டவணையில் விரிவுரைக்குக் கட்டம் உண்டு, ஆலோசனைக்கு இல்லை. கணக்கில் வராத பணி நாளடைவில் நடைபெறாத பணியாகிவிடுகிறது. தேசிய மதிப்பீட்டுக் குழு கல்லூரிகளைத் தரப்படுத்துகையில் வழிகாட்டும் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தைக் கேட்டுவந்துள்ளது. நல்ல நோக்கமே. ஆனால் பெயர்ப்பட்டியலை வகுத்தவுடன் விகிதம் நிறைவேறிவிடும். சந்திப்பு நடந்ததா என்பதை விகிதம் சொல்லாது. ஆகவே அலுவலர்களை நான் வேண்டுவது இரண்டு. ஆலோசனை நேரத்தைப் பணிச்சுமையில் சேருங்கள். ஆய்வுக்குச் செல்லும்போது பதிவேட்டை மட்டும் பாராமல், பத்து மாணவரை அழைத்து, உங்கள் ஆலோசகர் யார், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் சந்திப்பு பாடப் பதிவுக்கு முன்பும், இரண்டாவது முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்தபின்பும் அமைவது நலம். பேசியதை ஒரு தாளில் குறித்து, அதன் படியை மாணவரிடமே தருக. விதி தெரியாத இடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று கூறுவதில் இழுக்கில்லை. தவறான விடையே இழுக்கு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆலோசகர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இது பெண்களுக்கு ஏற்ற பாடமன்று, உன் போன்றோருக்கு இது வராது என்னும் சொற்கள் ஆலோசனை என்ற பெயரில் வெளிப்படுமானால், ஆலோசனை இல்லாதிருப்பதே மேல். வழிகளையும் அவற்றின் விலையையும் விளக்குவது ஆசிரியர் கடமை. தேர்ந்தெடுப்பது மாணவர் உரிமை.

மாணவ நண்பர்களே, ஒவ்வொரு பாடத்தையும் எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை எடுத்தால் எந்த மேற்படிப்புக்குத் தகுதி வரும்? இதை விட்டால் எந்த வழி அடைபடும்? இடையில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன இருக்கும்? விடை கிடைக்கும்வரை கேட்பது உங்கள் உரிமை. அதற்குத் தயக்கம் வேண்டா.

2035-க்குள் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை 50 விழுக்காடாக உயர்த்துவது 2020-ஆம் ஆண்டுக் கொள்கையின் குறிக்கோள். 2021-22-இல் அது 28.4. இனி வரப்போகிறவர்களில் மிகப் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக இருப்பர். அவர்களுக்கு இடம் அளிப்பது திட்டத்தின் முதற்பகுதி. வந்தவர் வழி தெரிந்து நடக்கச் செய்வது மறுபகுதி. வாரம் 1 மணி 20 நிமிடம் அதற்கு நாம் தரக்கூடாத விலையன்று.