செய்தியும் கலக்கமும்: கோடைமலை தரும் இரு பாடங்கள்



தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்னும் பலகையை நெடுங்காலமாகக் காணலாம். அப்பலகையின் கீழ் அமர்ந்தே நாளிதழைத் தாள் தாளாகப் பங்கிட்டுப் படித்து அரசியல் பேசி வந்திருக்கிறார்கள் தமிழர்கள். கடைக்காரரின் அச்சத்திலும் பொருள் உண்டு. பேச்சு முற்றினால் கைகலப்பு. கைகலந்தால் உடைபடுவன அவருடைய குவளைகள். எனினும், பலகை மாட்டுவதால் செய்தி வாசலில் நின்றுவிடுவதில்லை. பேசப்படாத செய்தி உள்ளே புகுந்து கலக்கமாகத் தங்கிவிடுகிறது. இலக்கிய வட்டமும் அப்பலகையை மாட்டிக்கொள்ள வேண்டுமா என்பதே இங்கு எழும் வினா. பழனி மலைத்தொடரின் கொடைக்கானலில் பிறந்த இரு செய்திகள் இதற்கு விடை கூறுகின்றன.

முதற் செய்தி ஒரு கட்டடத்தைப் பற்றியது. கொடைக்கானலில் 'பிளசன்ட் ஸ்டே' என்னும் விடுதி, அனுமதித்த அளவை மீறி எழுந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் சென்றது. விடுதிக்கு அரசு அளித்த விதிவிலக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 1995இல் ரத்து செய்தது. பின்னர் நடந்த ஊழல் வழக்கில், 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புச் செய்தி பரவிய அன்றே, தருமபுரி அருகே கல்விச் சுற்றுலாவிலிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மாணவியர் மூவர் மாண்டனர். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனையை நீக்கி அவரை விடுவித்தது. தீர்ப்பு மாறியது; அந்த மூவரும் மீளவில்லை. மேல்முறையீடு என்னும் வழி திறந்திருப்பதை எண்ணிப் பார்க்கும் பொறுமை ஆத்திரத்துக்கு இருக்கவில்லை.

இரண்டாவது செய்தி பாதரசத்தைப் பற்றியது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த, பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையொன்றில் கண்டறியப்பட்டன. ஊர் கலங்கியது. நீரில் கலந்ததோ, மண்ணில் கலந்ததோ, உழைத்தவர் உடலில் கலந்ததோ என்னும் அச்சம் எளிதன்று. ஆயினும், அக்கலக்கம் தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டது. மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் சங்கமாகக் கூடி நீதிமன்றத்தை நாடினர். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' பாடல் இச்செய்தியை உலகின் செவிக்கு எட்டச் செய்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்க்கு உதவும் உடன்படிக்கை ஏற்பட்டது.

கவிஞர்கள் கருத வேண்டிய இடம் இது. அப்பாடல் செய்தி வந்த இரவிலேயே பிறந்ததன்று. பதினான்கு ஆண்டுகளாகப் பலர் திரட்டி வைத்த உண்மை அதற்குக் கால் ஊன்ற நிலமாயிற்று. உண்மை திரளும் முன்னர் எழுதப்படும் ஆவேச வரிகள் எத்தனை அழகியனவாயினும், அச்சத்தைப் பெருக்குவனவாகவே முடியும்.

ஆகவே, வட்டத்துக்குப் பலகை வேண்டா, முறை வேண்டும். ஒரு செய்தி அவைக்கு வரும்போது நடந்தது எது, நடக்குமென அஞ்சுவது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளட்டும். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் கேட்கட்டும். செய்திக்கு என ஒரு நேரம் வகுத்து, அது முடிந்தபின் கவிதைக்குத் திரும்பட்டும். அவையிலிருந்து ஆகக்கூடியது மனுவோ, கடிதமோ, உதவியோ எதுவாயினும் அதனை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கட்டும். ஆவதொன்றுமில்லையெனில் அடுத்த கூட்டம் வரை அதனை வைத்திருக்கட்டும். உரத்துப் பேசுவோர் நடுவே வாய் திறவாது அமர்ந்திருப்பவரையும் ஒருமுறை கேட்கட்டும். செய்தியின் சுமை பெரும்பாலும் அவர் தோளிலேயே இருக்கும்.

பத்தாண்டுகள் ஒன்றாக அமர்ந்து கவிதை கேட்ட அவைக்கு, ஒன்றாக அமர்ந்து செய்தி கேட்கவும் இயலும். அப்பொறுமை வட்டத்தில் நிலைப்பதாக.