கொள்கை வேறு, கோரிக்கை ஒன்று



கொள்கையில் மாறுபட்ட இருவர் ஒரு காரியத்திற்காக ஒன்றுபட்டால், சந்தர்ப்பவாதிகள் என்று உலகம் எளிதில் ஏசிவிடும். அந்தத் தீர்ப்பு எப்போதும் நியாயமானதுதானா?

அமெரிக்காவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில், அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் பெரிய வங்கிகளுக்குக் கோடி கோடியாகக் கடன் வழங்கிற்று. யாருக்கு எவ்வளவு என்பதை மக்கள் முழுமையாக அறியவில்லை. அரசின் தலையீட்டை வெறுத்த ரான் பால், அவ்வங்கியையே ஒழிக்க விரும்பியவர். ஆலன் கிரேசனோ மக்கள் நலனுக்கு அரசு துணைநிற்க வேண்டும் என்னும் முற்போக்காளர். ஆயினும், ‘கணக்கைக் காட்டுக’ என்ற ஒரே கோரிக்கையில் இருவரும் கைகோத்தனர். 2009 நவம்பரில் பிரதிநிதிகள் சபைக் குழுவில் அவர்களது திருத்தம் 43-க்கு 26 என்ற வாக்குகளில் வென்றது. 2010 மே மாதம் செனட் சபையில் பெர்னி சாண்டர்ஸ் கொணர்ந்த, சற்றே சுருங்கிய திருத்தத்திற்கு 96 வாக்குகள் கிடைத்தன, எதிர்த்தவர் ஒருவருமிலர். நெருக்கடியின் உச்சத்தில் நிலுவைக் கடன் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது என்பதை 2011-ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை வெளிப்படுத்திற்று.

கிடைத்தது ஒருமுறைத் தணிக்கை மட்டுமே. அது போதாதென்று ரான் பால் குறைகூறினார். கூட்டணியின் எல்லை அதுதான். வங்கியை ஒழிப்பதா, திருத்துவதா என்ற வினா எழுந்ததும் வழிகள் பிரியும்.

அப்பிரிவு இழுக்கன்று. தம் கொள்கையை விற்றுச் சேர்வதே சந்தர்ப்பவாதம். கொள்கையைக் காத்துக்கொண்டே பொது நன்மைக்கு ஒன்றுபடுவது குடியாட்சியின் பண்பு. இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள்.