சுளுக்கும் ஒற்றடமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இறம்பொடைச் சரிவுகளிலே மழைக்காலத்தில் கால் பிசகாத வீடு உண்டோ? கொழுந்துக் கூடையுடன் இறங்கும் தாயார் ஈரக் கல்லில் கால் வைக்கிறார். பாதம் உட்புறமாக மடங்குகிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் இழுபட்டுச் சிறிது கிழிந்தும் விடுகிறது. இதனையே சுளுக்கு என்கிறோம்.

அன்றிரவே லயத்தில் கல்லுப்பை வறுத்து முடிந்தோ, நொச்சியிலையை வதக்கியோ ஒற்றடம் கொடுப்பது நம் வழக்கம். பெரியோர் கோபிக்கலாகாது; மருந்து நல்லதே, நாள்தான் பொருந்தவில்லை. கிழிந்த இடத்திலே குருதி கசிந்துகொண்டிருக்கும்போது சூடு பட்டால் குழாய்கள் விரிந்து வீக்கம் பெருகும். ஆதலின் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடும் வேண்டாம், எண்ணெயிட்டு உருவுதலும் வேண்டாம். ஐஸ் தேடி நுவரெலியாவுக்கு ஓடவும் வேண்டியதில்லை. நமது பீலித் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றி, காலை உயர்த்தி வைத்தால் வலி தணியும்.

இன்னொன்று. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். கணுக்காலின் இருபுறத்து எலும்பு முனையை அழுத்தும்போது வலித்தாலோ, நாலடி நடக்க இயலாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிந்த எலும்புக்கு ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருப்பது வீண்.

வீக்கம் வற்றி, தோலின் வெப்பம் தணிந்து, மூட்டு விறைத்து நிற்கும் நாளிலேதான் ஒற்றடத்திற்கு வேலை. 1970இல் அமெரிக்க மருத்துவர் லேமனும் உடன் ஆய்ந்தோரும் எலி வாலின் நாரை 45 பாகை செல்சியஸ் சூட்டில் இழுத்துப் பார்த்தனர். சூட்டோடு சேர்ந்த இழுப்பே நிலைத்த நீட்சியைத் தந்தது. எலி வாலுக்கும் நம் காலுக்கும் என்ன உறவு என்பீர்கள்! உப்பு முடிச்சின் சூடு அவ்வளவு ஆழம் போகாது என்பதும் மெய்யே. ஆயினும் தசை தளரும், வலி குறையும், அசைப்பது எளிதாகும். அந்த எளிதைப் பயன்படுத்தாமல் போர்த்திப் படுத்துக்கொண்டால் பயன் பாதிதான். பதினைந்து நிமிட ஒற்றடம் முடிந்ததும் பெருவிரலால் காற்றிலே அ, ஆ என்று அரிச்சுவடி எழுதுங்கள். வலி அடங்கிய பின்னர் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். இது இல்லாவிடின் அதே கால் மீண்டும் பிசகும்.

நீரிழிவால் கால் மரத்தோர்க்குச் சூடு கொடுக்கவே கூடாது. கொப்புளம் எழுந்தும் அவர்கள் உணரமாட்டார்கள். மற்றையோர்க்கும் முடிச்சை முதலில் நம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் சொல்ல எளிது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. ஆகையால் தாய்மார் மூன்றாம் நாளே நொண்டிக்கொண்டு கூடை கட்டுகின்றனர். திரும்பும் முதல் வாரத்திலாவது சரிவு குறைந்த மலையைக் கொடுக்கும்படி கங்காணியாரிடம் கேட்க, நமது சங்கத்தார் இருவர் உடன் செல்லலாம். வருகிற கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.