பழைய கணிப்பொறி



பழைய கணிப்பொறிகள் நம்பத்தக்கவையா என்று என்னைக் கேட்டால், நம்பத்தக்கவை என்பேன். அவற்றோடு பழகுவது எளிதா என்று கேட்டால், எளிதன்று என்பேன். இவ்விரண்டு விடைகளும் முரண்பட்டனபோலத் தோன்றும். இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என்பதை, நானே பல்லாண்டு பழகிய ஒரு பொறியைக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

1984ஆம் ஆண்டில் இந்திய அரசு, பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்புவதற்காக ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கண் ஏறத்தாழ 250 பள்ளிகள் அதில் சேர்க்கப்பெற்றன. அவற்றுக்கு வழங்கப்பட்டது ‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் பொறியாகும். பிரிட்டிஷ் வானொலி நிறுவனத்தின் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திற்காகக் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் அதனை வெளியிட்டது. வானொலியின் பெயரைத் தாங்கிய கணிப்பொறியைப் பற்றி வானொலியிலேயே பேச வாய்த்தது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்திற்கு அதைப்போல் நூறு மடங்கு இடம் வேண்டும். ஆயினும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. ‘பேசிக்’ என்னும் கணிப்பொறி மொழி அதனுள்ளேயே அழியாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. விசையைப் போட்டால் இருமுறை ஒலியெழுப்பும். அடுத்த கணமே, எழுது என்பதுபோல் திரையில் ஓர் அம்புக்குறி நிற்கும். காத்திருத்தல் என்பதே கிடையாது.

நிற்க. பொறி நல்லது, அது வந்து சேர்ந்த இடம் எத்தகையது? அன்று எங்கள் பகுதி வட ஆர்க்காடு மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றையொட்டித் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த பகுதி. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்ப்பார்கள். அக்கழிவு நீரோடு அமிலம் கலந்தால் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு எழும். அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையதே. அவ்வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். எங்கள் தெருவில் பெண்குழந்தைகளின் கொலுசு மாதத்திற்கொரு முறை கறுத்துப் போகும், பற்பொடியால் தேய்ப்பார்கள். கொலுசைக் கறுக்கச் செய்யும் காற்று, கணிப்பொறியின் மெல்லிய இணைப்புகளை மட்டும் விட்டுவிடுமா? நன்றாக ஓடிய பொறி ஒருநாள் காலையில் வாய் திறவாது. மேல்மூடியைக் கழற்றி, சில்லுகளை அவற்றின் குழியிலிருந்து மெல்லப் பெயர்த்து மீண்டும் அழுத்தினால் பேசும். அவ்வுராய்வில் கறை நீங்கிவிடும் என்பதே காரணம். இதனை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கற்பிக்கவில்லை.

மின்சாரம் மற்றொரு தொல்லை. ஆலைகளில் தோலைச் சுழற்றும் பெரிய மர உருளைகளை ஓட்டும் மோட்டார்கள், புறப்படும்பொழுது வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அக்கணத்தில் எங்கள் வகுப்பறையில் விளக்கு மங்கும், திரை சுருங்கும், சில வேளைகளில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் மறைந்துவிடும். அவ்வகை நினைவகம் நொடிக்குப் பலநூறு முறை புதுப்பிக்கப்பட்டாலன்றித் தான் வைத்திருப்பதை மறந்துவிடும் இயல்புடையது.

ஆகவே எழுதியதை உடனுக்குடன் நாடாவில் பதிந்து வைக்கவேண்டும். பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாதான். நொடிக்கு ஏறத்தாழ 120 எழுத்துகள் பதியும். ஆனால் திரும்பப் படிக்கும்பொழுதன்றோ அதன் குணம் தெரியும்! ஒலியின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ‘டேட்டா?’ என்று கேள்விக்குறியோடு நின்றுவிடும். பின்பு ‘ரிவைண்ட் டேப்’ என்று கட்டளையிடும். நாற்பது மாணவர்கள் மூச்சடக்கி நிற்க, நான் ஒலித்திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிய மாலைப்பொழுதுகள் பல.

இனி, நான் சொல்லத் தயங்கும் ஒரு நிகழ்ச்சி. ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் பதினோராம் வகுப்பில் படித்தான். தோல்களின் பரப்பைச் சதுர அடியில் கூட்டி, தரவாரியாக விலையைக் கணக்கிடும் நிரல் ஒன்றைத் தன் தந்தைக்காக எழுதினான். தொண்ணூறு வரிகள் இருக்கும். ஒரு சனிக்கிழமை முழுதும் அமர்ந்து தட்டினான். முடிக்கும் தறுவாயில், விசைப்பலகையின் மேல் வரிசைக் கோடியிலிருந்த ‘பிரேக்’ என்னும் விசையில் அவன் விரல் பட்டுவிட்டது. திரை வெறுமையாயிற்று.

“நாடாவில் பதியாமல் என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

“பதியத்தான் போனேன், சார்” என்றான்.

எல்லாம் போய்விட்டது, முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லி, மின்விசையை நிறுத்தி மறுபடியும் போட்டுக் கொடுத்தேன். அவன் தொடங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் கணிப்பொறி வகுப்பிற்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

கோடை விடுமுறையில் அப்பொறியின் வழிகாட்டி நூலை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அதில் ‘ஓல்ட்’ என்று ஒரு கட்டளை இருந்தது. ‘பிரேக்’ விசை நிரலை அழிப்பதில்லை. அதன் தொடக்கத்திலுள்ள ஓர் அடையாளத்தை மட்டுமே மாற்றுகிறது. புதிதாக எதையும் தட்டாமல் ‘ஓல்ட்’ என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் நிரல் முழுதும் திரும்பிவிடும். அப்படியானால் அந்தத் தொண்ணூறு வரிகளையும் அழித்தது அவன் விரலன்று. மின்விசையை நிறுத்திய என் கை.

இதை அவனிடம் சொல்ல எனக்கு ஈராண்டு ஆயிற்று. ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டேன். காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுவதாகச் சொன்னான். நடந்ததைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தான். “அன்றைக்கே சொல்லியிருந்தால் மறுபடியும் வந்திருப்பேன், சார்” என்றான். அதற்குள் அவன் பேருந்து வந்துவிட்டது.

பின்னாளில் பள்ளியில் கழிக்கப்பட்ட பொருள்களை ஏலம்விட்டபொழுது அப்பொறிகளுள் ஒன்றை நான் வாங்கினேன். பணி ஓய்வுக்குப்பின் ஒருநாள் விசையைப் போட்டேன். இரட்டை ஒலி கேட்டது, அம்புக்குறி தோன்றியது. சில நிமிடங்களில் வெண்புகை எழுந்து வீடெல்லாம் நாற்றம் பரவியது. மின்வழங்கிப் பகுதியில் காகிதத்தால் ஆன மின்தேக்கி ஒன்று உண்டு. காலப்போக்கில் அதன் உறை வெடித்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் பட்டதும் புகைந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் சில ரூபாய்ச் செலவில் அதனை மாற்றிக் கொடுத்தார். மற்ற யாவும் நலமாயிருந்தன. இன்றைய கைப்பேசி ஒன்று பழுதானால் அதனைத் திறந்து, கெட்டது இன்னதென்று கண்ணால் கண்டு மாற்ற எத்தனை பேரால் இயலும்?

நாடாக்கள்தாம் பிழைக்கவில்லை. பெரும்பாலானவற்றில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மாணவர் பலரின் நிரல்கள் அவற்றில் இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்த சிலவே எஞ்சின. அவற்றை இப்பொழுது மறுபடியும் தட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் அண்டைவீட்டு மாணவர் இரண்டொருவர் உதவிக்கு வருகின்றனர். விசைப்பலகையின் பக்கத்தில் ‘ஓல்ட்’ என்னும் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் மின்சாரம் நின்றுவிட்டால் அச்சொல்லாலும் பயனில்லை. சென்ற வாரம் நாற்பதாம் வரியில் நின்றுவிட்டது. வரும் ஞாயிறு முதல் வரியிலிருந்து தொடங்கவேண்டும்.