விளையாட்டன்று, வேலையே!

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நம் நாகபுரி ரயில்வே காலனிப் பிள்ளைகள் சிலர் லோனாவாலாவுக்குக் குடிபெயர எண்ணுகின்றனர். சுற்றுலாப் பயணிகள் திரளும் அம்மலைநகரின் அடிவாரத்தில், கோபோலிக்கு அருகே, 2013-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இமேஜிகா என்னும் கேளிக்கைப் பூங்காவில் பணிபுரிவதே அவர்கள் நோக்கம். நம் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்தது. “ராட்டினம் சுற்றுவதும் ஓர் உத்தியோகமா?” என்று மகனைக் கடிந்துகொண்டோம். அது நம் பிழை என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

“அங்கும் பிளாக் முறைதான், அப்பா” என்றான் அவன். உண்மையே. பல வண்டிகள் ஓடும் ரோலர் கோஸ்டரின் பாதை பல பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. முன்வண்டி ஒரு பிரிவை விட்டு நீங்கினாலன்றிப் பின்வண்டி அதனுள் நுழைய இயலாது. பிரேக் அதனைத் தடுத்து நிறுத்திவிடும். பூங்காவின் வாயில் திறக்குமுன் வெற்று வண்டியை ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஏறியமர்ந்த ஒவ்வொருவரின் பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்த பின்னரே வண்டி புறப்படலாம். இதனை விளையாட்டென்று சொல்வார் உண்டோ?

இவ்வண்டி நமக்கு உறவும் ஆகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மலையிலிருந்து நிலக்கரியை இறக்க 1827-இல் ஒரு பாதை அமைத்தனர். பிற்காலத்தில் மக்கள் காசு கொடுத்து அதில் ஏறி மகிழ்ந்தனர். 1884-இல் நியூயார்க்கின் கோனித் தீவில் தாம்சன் என்பவர் கேளிக்கைக்கென்றே ஒரு ரயிலை ஓட்டினார்.

நிற்க. இளைஞர்களுக்கும் சில சொல்லவேண்டும். சுற்றுலா நகரில் வீடு கிடைப்பது அரிது. நாள் வாடகைக்கு வரும் விருந்தினரையே வீட்டுக்காரர் விரும்புவர். ஆகையால் தங்குமிடத்தை உறுதி செய்துகொண்டு பெட்டி கட்டுங்கள். ஊரார்க்கு விடுமுறை என்றால் உங்களுக்கு ஓயாத வேலை. மேலும், 2020 மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றினால் நாடே முடங்கியபோது பயணி வண்டிகளும் நின்றன, பூங்காக்களும் மூடின. நம்மைப் போன்ற அரசு ஊழியர்க்குச் சம்பளம் வந்தது. நுழைவுச்சீட்டு விற்றால்தான் வருவாய் என்னும் பூங்காவை நம்பியவர் நிலை என்ன? ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள். மின்பணியோ, இயந்திரப் பராமரிப்போ, முதலுதவியோ முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பூங்கா மூடினாலும் கைத்தொழில் மூடாது.

பெற்றோர்களே! நம் முன்னோர் பிழைப்புக்காக ஊரை விட்டு இங்கு வந்தபோதும் கண்கலங்கி வழியனுப்பிய தாய்மார் இருந்தனர். பொங்கலன்று வண்டியிலும் நிலையத்திலும் கடமையாற்றிய ரயில்வேக் குடும்பங்கள் அல்லவா நாம்? நம் மகன் அடுத்த மாதம் புறப்படுகிறான். பொங்கலன்று அவன் வர இயலாது. அவன் விடுப்பில் வரும் நாளில் நம் வீட்டில் மீண்டும் ஒருமுறை பானை பொங்கும். அனைவரும் வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.