மலையில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும்
(சுகாதாரக் கிளினிக்கில் மூத்த குடிமக்கள் மன்ற உறுப்பினர்களுக்குத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கேட்டார்: "பள்ளி விடுமுறைக்கு மகன் எல்லாரையும் உலு லங்காட் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறானாம். மலைப்பாதையில் நடக்க வேண்டுமாம். நான் போகலாமா, மிஸி?" போங்கள் என்றுதான் சொன்னேன். பிறகு இரண்டு கேள்வி கேட்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பாதி வழியில் முடியவில்லை என்றால் மகனிடம் சொல்வீர்களா? முதல் கேள்விக்கு மருந்துப் பையை எடுத்துக் காட்டினார். இரண்டாவதற்குச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. என் அப்பாவும் அப்படித்தான் சிரிப்பார்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமாக நிரை நிரையாக நடந்த கால்கள். நாங்கள் குடும்பத்தோடு ஆற்றுப் பக்கம் நடக்கப் போன அன்று, வழக்கம்போல் ஐந்தரைக்கே எழுந்து இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் அவசரம். அவர் குடித்தது ஒரு தே ஓ கோசோங் மட்டும். ஏறும்போது எங்களுக்கு முன்னால் நடந்தார். திரும்பும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. பேரன் கையைப் பிடித்து இழுத்ததற்கு அவன்மேல் எரிந்து விழுந்தார். பேரப்பிள்ளையைத் திட்டியே பழக்கமில்லாத மனிதர். அண்ணன் களைப்பு என்று நினைத்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. பையனிடம் இருந்த பாக்கெட் சிராப்பை வாங்கிக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் பழைய அப்பாவாகிவிட்டார்.

எப்போதிலிருந்து இப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். "மேலே இருக்கும்போதே கை நடுங்கியது. நீங்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தீர்கள். நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?" என்றார். தாதியான நானே கூட இருந்தும் இது நடந்தது. காலையில் சாப்பிட்டீர்களா என்று நானும் கேட்கவில்லை.

இனி இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். செராஸைத் தாண்டி உலு லங்காட்டுக்குள் போனால் இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு. சுங்கை சொங்காக், சுங்கை காபாய், பங்சுன் எல்லாம் உங்களில் பலர் போன இடங்கள்தான். ஆற்றோரமாக நடந்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர சுங்கை சொங்காக் நல்ல இடம். சுங்கை காபாய் நீர்வீழ்ச்சிக்குப் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து அருவிச் சத்தத்தைக் கேட்டால் போதும். பங்சுனிலிருந்து கிளம்பும் பாதை நுவாங் மலைக்குப் போகிறது. அதன் உயரம் 1,493 மீட்டர். உச்சி நமக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பாதையின் தொடக்கம் ஜீப் போகும் அளவுக்கு அகலமானது. பேரப்பிள்ளை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கமாகப் பேசிக்கொண்டே நடக்கலாம், எந்த இடத்திலும் திரும்பலாம். காட்டுக்குள் போக வன இலாகாவின் அனுமதி வேண்டியிருக்கும். சில சமயம் பாதையை மூடியும் வைப்பார்கள். புறப்படுவதற்கு முன் பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

"நான் பத்துமலை 272 படியும் ஏறுகிறேனே" என்று சிலர் சொல்வீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் இறங்கும்போது முழங்கால் எப்படி இருந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அதனால் நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு சும்மா இருக்கும். தொடைத் தசைதான் உடம்பின் பாரத்தைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அது களைத்த பிறகு கால் நடுங்கும், ஈர வேரிலோ சருகிலோ வழுக்கும். பத்துமலையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, காட்டில் இருக்காது. அதனால் தெம்பில் பாதி தீர்ந்த பிறகு திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்கள். ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம், இளைஞர்களே இப்போது இரண்டு தடியோடுதான் மலை ஏறுகிறார்கள். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

நடக்கும்போது வாய் விட்டுப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே உட்கார்ந்து, கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். 999-ஐ அழைக்க வேண்டும். காட்டுக்குள் கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்று பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். அந்த வேலையை அவர்கள் ஆசையாகச் செய்வார்கள்.

இனிப்புநீருக்கு இன்சுலின் போடுபவர்களும் கிலிக்லாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் பசியாறாமல் கிளம்பவே கூடாது. சட்டைப் பையில் சீனி வைத்திருங்கள், பையை மகன் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விடுவான். நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. கருவி இருந்தால் பாருங்கள், 4-க்குக் கீழே என்றால் சீனி குறைந்துவிட்டது. நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காலணி விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. அவருக்குப் பால்மரம் வெட்டிய காலத்து ரப்பர் சப்பாத்துதான் வேண்டும், நாம் கம்போங் அடிடாஸ் என்கிறோமே, அது. ஈர மண்ணில் அதைப் போலப் பிடிப்பது வேறில்லை என்பது உண்மைதான். ஆனால் இனிப்புநீரால் பாதம் மரத்துப்போனவருக்கு உள்ளே கல் குத்தினாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் காலுறை போட்டு, ஏற்கெனவே பழகிய மெத்தென்ற விளையாட்டுக் காலணி அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அட்டை கடித்தால் பயம் வேண்டாம், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தத்தை இளக்கும் மருந்தோ ஆஸ்பிரினோ சாப்பிடுபவருக்கு இரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கெப்பாலா ஆயர் என்பது உங்களுக்குத் தெரியும். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கும். தெளிந்த தண்ணீர் கலங்கும், இலையும் குச்சியும் மிதந்து வரும், மேலிருந்து இரைச்சல் கேட்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் எல்லாரும் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். செருப்பு, பந்து, சாப்பாட்டுப் பாத்திரம் எதற்காகவும் திரும்பக் கூடாது. பிள்ளைகள் ஒரே தாவலில் ஏறிவிடுவார்கள், நம்மால் முடியாது. அதனால் ஆற்று நடுவில் உள்ள பாறையிலும் மணல் திட்டிலும் பாய் விரிக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஏறிப்போகப் பாதை இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மழை பிடிக்கிறது. காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் வண்டிக்குத் திரும்பிவிடலாம். வானம் இருட்டினால் அதற்கு முன்பே கிளம்புங்கள்.

காலில் புண், வெடிப்பு இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம், ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்தத் தண்ணீர் வழியாகவும் வரும். காய்ச்சல் அன்றைக்கே வராது; பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் போய்வந்ததையே மறந்துவிடுவோம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். கிளினிக்குக்கு வந்து, எந்த ஆற்றில், எந்த நாளில் இறங்கினீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அந்த அம்மா போய்வந்துவிட்டார். பாதி வழியில் ஒரு மரப்பாலத்தின் அருகே, "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொன்னாராம். மகன் முகம் வாடியதாம். சின்னப் பேத்தி மட்டும் பாட்டியோடு இருந்துகொண்டாள். இரண்டு பேரும் மற்றவர்கள் வருவதற்குள் வடையைக் காலி செய்துவிட்டார்கள்.

விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் உங்கள் மருந்துப் பையோடு பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் எது எப்போது என்று எழுதித் தருகிறோம்.